தோள்பட்டை இறுக்கம்: ஒரு குட்டி வரலாறு

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் என் அண்ணன், ஷிஃப்ட் முடிந்ததும் வாலிபால் ஆடப் போய்விடுவான். ஒருநாள் ஸ்மாஷ் அடிக்கும் கை முதுகுப் பக்கம் போகவே இல்லை. "இனி ஆட்டம் அவ்வளவுதான்" என்றான். அதனால்தான் தேடிப் படித்தேன்.

கையைத் தலைக்கு மேல் வீசி வீசி ஆடுபவர்களுக்குத் தோளின் பின்பக்கம் இறுகும். 1941-ல் அமெரிக்க மருத்துவர் ஜார்ஜ் பென்னட், பேஸ்பால் வீரர்களின் தோளுக்குப் பின்னால் எலும்பு வளர்ந்திருப்பதைப் பற்றி எழுதினார். 2003-ல் பர்க்கார்ட், மோர்கன், கிப்ளர் என்ற மூன்று மருத்துவர்கள், பின்பக்க மூட்டு உறை இறுகுவதுதான் பல காயங்களுக்கு ஆரம்பம் என்றார்கள். ஒருக்களித்துப் படுத்து, மறுகையால் முன்கையைத் தரைப்பக்கம் அழுத்தும் 'ஸ்லீப்பர் ஸ்ட்ரெச்' பிரபலமானது.

2007-ல் மெக்லூர் குழு 54 பேரை வைத்து ஒப்பிட்டது. முழங்கையைப் பிடித்து நெஞ்சுக்குக் குறுக்கே இழுக்க வேண்டும்; தினமும் 30 விநாடி வீதம் 5 தடவை, 4 வாரம். பயிற்சியே செய்யாத குழுவைவிடத் தெளிவான முன்னேற்றம் இவர்களுக்குத்தான். ஆனால் அவர்கள் வலி இல்லாதவர்கள். வலி இருந்தால் முதலில் பிசியோதெரபிஸ்டைப் பாருங்கள்.

அண்ணனும் பார்த்தான். இப்போது மைதான ஓரத்தில் உட்கார்ந்து, நெஞ்சுக்குக் குறுக்கே கையை இழுத்தபடி பாயிண்ட் எண்ணுகிறான்.