கோழிக்குக் காவல் எந்த நாய்?

தமிழ்நாட்டில் கால்நடைக்குக் காவல் நின்ற நாய்களில் ஒன்றின் பெயர் கல்வெட்டிலேயே பதிவாகியிருக்கிறது. அதன் பெயர் கோவிவன். திருவண்ணாமலை மாவட்டம் எடத்தனூரில் கிடைத்த நடுகல், மகேந்திரவர்மனின் 34-ஆம் ஆட்சியாண்டைச் சேர்ந்தது. எருமைகளுக்காக நடந்த சண்டையில் கருந்தேவக்கத்தி என்ற வீரன் இறந்து போனான். அவன் வளர்த்த கோவிவன் என்ற நாய் கள்வர் இருவரைக் கடித்துக் காத்து நின்றதாம். கல்லில் வீரனோடு நாயின் உருவமும் செதுக்கப்பட்டிருக்கிறது. எசமானுக்குக் கிடைத்த மரியாதை நாய்க்கும் கிடைத்தது!

கோழிக்கும் நடுகல் உண்டு. விழுப்புரம் மாவட்டம் அரசலாபுரத்தில் சேவல் ஒன்றுக்கு எழுப்பிய கல் இருக்கிறது. ஆனால் அது சண்டையில் மாண்ட சேவல். முட்டையும் குஞ்சுமாகக் கொல்லையில் மேய்ந்து திரிந்த சாதாரணக் கோழிக்கோ, அதைக் காத்த நாய்க்கோ யார் கல் நடுவார்கள்? கோழிக்கென்று தனியாக நாய் வளர்க்கும் வழக்கம் நம்மிடம் பெரிதாக இருந்ததில்லை. பகலில் வீட்டுப் பெண்களின் கண்ணும் கையில் ஒரு குச்சியும், இரவில் பஞ்சாரமும் கூடும், இவைதான் காவல். வாசலில் கிடக்கும் நாய் அதோடு சேர்ந்து குரைக்கும். அவ்வளவே.

இன்று நிலைமை கொஞ்சம் மாறியிருக்கிறது. நாட்டுக்கோழிக்கும் நாட்டுக்கோழி முட்டைக்கும் நல்ல விலை கிடைப்பதால் தூத்துக்குடி மில்லர்புரம் போன்ற வீடுகள் நெருங்கிய பகுதியிலும் பத்துப் பதினைந்து கோழிகளைத் திறந்து விட்டு வளர்க்க ஆசைப்படுகிறார்கள். அந்த முட்டைக் காசு பெரும்பாலும் வீட்டுப் பெண்களின் சொந்தக் காசு. ஒரே ராத்திரியில் ஒரு மரநாய் புகுந்து அத்தனையையும் கழுத்தைக் கடித்துப் போட்டுவிட்டால் நஷ்டம் அவர்களுக்குத்தான். உடனே வரும் யோசனை, "ஒரு நல்ல நாயா வாங்கிப் போடுவோம்" என்பது. எந்த நாய் என்பதில்தான் சிக்கலே.

தென்மாவட்டத்துக்காரர்களுக்கு உடனே நினைவுக்கு வருபவை சிப்பிப்பாறையும் கன்னியும். பெருமைக்குரிய நாய்கள், மறுப்பில்லை. ஆனால் அவை எதற்காக வளர்க்கப்பட்டன? பாஞ்சாலங்குறிச்சிக் கோட்டை பிறந்த கதையை இந்தப் பக்கத்தில் சின்னப் பிள்ளைகளும் சொல்லும். வேட்டை நாய்கள் ஒரு முயலைத் துரத்திக்கொண்டு போக, ஓர் இடத்தில் முயல் திரும்பி நின்று நாய்களை எதிர்த்தது, அந்த மண்ணின் வீரத்தைக் கண்டு அங்கேயே கோட்டை கட்டினார்கள் என்பது கதை. முயல் எதிர்த்ததோ இல்லையோ, இந்தக் கரிசல் பூமியில் நாய் என்றால் முயல் துரத்தும் நாய் என்பது மட்டும் அதிலிருந்து தெரிகிறது. ஒடுங்கிய முகம், நீண்ட கால், ஒட்டிய வயிறு எல்லாம் ஓடுவதற்காக அமைந்தவை. கண்ணுக்கு முன்னால் எது படபடவென்று ஓடினாலும் அதன் பின்னால் பாய்வதுதான் அதன் இயல்பு. கோழி வேறு எப்படி ஓடும்?

1972-இல் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்த பிறகு வேட்டைக்கு வழியில்லை. தொழில் போன நாயை வளர்ப்பவர்களும் குறைந்தார்கள். அழிந்துவிடக் கூடாது என்று தமிழக கால்நடைப் பராமரிப்புத் துறை 1980-81-இல் சென்னை சைதாப்பேட்டையில் நாய் இனப்பெருக்கப் பிரிவைத் தொடங்கியது. 2005 ஜனவரியில் இராஜபாளையம் நாய்க்கு அஞ்சல் தலை வெளியானது. 2020 ஆகஸ்ட் 30 அன்று பிரதமர் வானொலி உரையில் இராஜபாளையம், கன்னி, சிப்பிப்பாறை, கோம்பை என்று பெயர் சொல்லிக் குறிப்பிட்டார். இதெல்லாம் நல்லதுதான். கூடவே ஒரு சின்ன ஆபத்தும் இருக்கிறது. ஒரு சரக்குக்குக் கிராக்கி ஏறிவிட்டால் அதற்கு இல்லாத குணத்தையும் சேர்த்து விற்பது வியாபாரத்தில் புதிதல்ல. முயலுக்கு வளர்த்த நாய் கோழியையும் காக்கும் என்று யாராவது சொன்னால் நம்ப வேண்டியதில்லை.

காவல் நாய்க்கும் வேட்டை நாய்க்கும் உள்ள வித்தியாசத்தை ஆராய்ந்தவர்களில் முக்கியமானவர் அமெரிக்காவின் ரேமண்ட் காப்பிங்கர். 1970-களின் பிற்பகுதியில் மாசசூசெட்ஸ் ஹாம்ப்ஷயர் கல்லூரியில், ஐரோப்பிய, ஆசிய மேய்ச்சல் நாய்களைக் கொண்டுவந்து ஆட்டுப் பண்ணைகளில் விட்டுப் பார்த்தார். ஓநாய் இரையைப் பிடிப்பதில் ஒரு வரிசை உண்டு: உற்றுப் பார்ப்பது, பதுங்குவது, துரத்துவது, கவ்வுவது, கொல்வது. நல்ல காவல் நாயிடம் இந்த வரிசை பெரும்பாலும் மழுங்கிப் போயிருக்கும். குட்டியாக இருக்கும்போது, ஏறக்குறைய நான்காவது வாரத்திலிருந்து பதினாறாவது வாரத்துக்குள், எந்த உயிர்களோடு வளர்கிறதோ அவற்றையே தன் கூட்டமாக அது ஏற்றுக்கொள்ளும். வளர்ந்த நாயை வாங்கி வந்து கோழிகளுக்கு நடுவே விட்டால் இந்த வாய்ப்பு முன்பே முடிந்து போயிருக்கும்.

கோழிக் காவல் நாய்க்கு உலகத்தில் பெயர் வாங்கிக் கொடுத்த ஊர் ஆஸ்திரேலியாவின் வார்னம்பூல். அங்கே ஆலன் மார்ஷ் என்ற கோழிப் பண்ணைக்காரர், இத்தாலிய ஆட்டுக் காவல் இனமான மரெம்மா நாய்களை வைத்துத் திறந்தவெளிக் கோழிகளை நரியிடமிருந்து காத்து வந்தார். அதே ஊர்க் கடலோரத்தில் மிடில் தீவு என்று ஒரு சின்னத் திட்டு. கடல் வற்றும் நேரத்தில் நரிகள் தீவுக்குக் கடந்து போய், நூற்றுக்கணக்கில் இருந்த குட்டிப் பெங்குவின்களைத் தின்றே தீர்த்தன. 2005-இல் மிஞ்சியவை பத்துக்கும் குறைவு. 2006-இல் மார்ஷின் நாய் ஒன்றைத் தீவில் காவலுக்கு விட்டார்கள். கோழி காத்த நாய் பெங்குவினையும் காத்தது! சில ஆண்டுகளில் எண்ணிக்கை நூறைத் தாண்டியது. 2015-இல் 'ஆட்பால்' என்று அந்த நாயின் பெயரிலேயே திரைப்படமும் வந்தது. ஆனால் 2017-இல் கடல் கொந்தளிப்பால் நாய்களைத் தீவுக்குக் கொண்டுபோக முடியாத நாட்களில் நரி புகுந்து ஏறக்குறைய 140 பெங்குவின்களைக் கொன்றுவிட்டது.

அப்படியானால் மரெம்மாவை இறக்குமதி செய்யலாமா? தூத்துக்குடி வெயிலில் அந்த அடர்ந்த வெள்ளைக் கம்பளியோடு ஒரு நாயை நிறுத்துவது பாவம். போதாக்குறைக்கு, பத்துக் கோழிக்கு ஒரு பெரிய நாய் என்றால் கணக்கு உதைக்கும். நாய்க்குப் போடும் சோறும் கறியும் வருஷத்தில் கோழி வருமானத்தையே விழுங்கிவிடும். மார்ஷுக்கு இருந்தது பண்ணை. இங்கே இருப்பது கொல்லை.

நம் ஊர்களில் காவல் நாய் என்று சொல்லத்தக்கவை இராஜபாளையமும் கோம்பையும். இரண்டும் வீட்டையும் தோட்டத்தையும் காப்பதில் கெட்டிக்கார நாய்கள். இரண்டுக்கும் பன்றி வேட்டைப் பழக்கமும் உண்டு என்பதை மறக்கக் கூடாது. வெள்ளை இராஜபாளையத்தில் பிறவிச் செவிடு ஓரளவு காணப்படுவதால், வாங்குவதற்கு முன் குட்டியின் பின்னால் நின்று கை தட்டிப் பார்ப்பது நல்லது. இரவில் மரநாய் வரும் சத்தம் கேட்காத காவல்காரன் எதற்கு?

ஆனால் கிடை போடும் கீதாரிகளின் பட்டியில் பாருங்கள். இரவெல்லாம் ஆட்டைச் சுற்றி வருவது பெரும்பாலும் பெயரில்லாத நாட்டு நாய்தான். ஆட்டுக் குட்டியோடு குட்டியாகப் படுத்து வளர்ந்தது, ஆட்டைத் தொடாது. காப்பிங்கர் எழுதி வைத்ததை அவர்கள் எழுதாமலே செய்து வருகிறார்கள். கொல்லைக் கோழிக்கும் அதே வழிதான் பொருந்தும். வெயிலுக்கு ஈடுகொடுக்கும், மீந்த சோற்றில் வளரும், தெரியாத நாய் தெருவுக்குள் வந்தாலே எழுந்து நிற்கும். வீடுகள் நெருங்கிய இடத்தில் கோழிக்கு நரியைவிடப் பெரிய எதிரி அடுத்த தெரு நாய்தானே! தாய் நாய் கோழிகளுக்கு நடுவே சும்மா படுத்திருக்கும் வீட்டிலிருந்து குட்டியை எடுப்பது பாதி வேலையை முடித்துவிடும்.

விலைக்கு வாங்கும் குட்டி என்றால் எட்டு வாரத்துக்குக் குறைந்ததை விற்கக் கூடாது என்று 2017-இன் மத்திய அரசு விதிகள் சொல்கின்றன. அதற்குப் பிறகும் பழக்க எட்டு வாரம் மிச்சமிருக்கிறது. முதலில் கம்பி வலைக்கு அந்தப் பக்கம் கோழி, இந்தப் பக்கம் குட்டி. பிறகு கயிற்றோடு. விளையாட்டாக இறகைக் கவ்வினாலும் அப்போதே அதட்ட வேண்டும். ஒரு வயது தாண்டும் வரை தனியாக விட்டுவிட்டுப் போகக் கூடாது. வெறிநாய்க்கடித் தடுப்பூசியைத் தள்ளிப் போடவே கூடாது. சாயங்காலம் கோழிகளைப் பஞ்சாரத்திலோ கூட்டிலோ அடைக்கும் வேலை நாய் வந்த பிறகும் அப்படியே இருக்கும்.