எந்த ஊர் கண்ணாடி?

மெஷின் லேர்னிங் கற்கிறவர்கள் சீக்கிரமே சந்திக்கும் தரவுத்தொகுப்புகளில் ஒன்று ‘கண்ணாடி’. மொத்தம் 214 மாதிரிகள்; ஒவ்வொன்றுக்கும் ஒளிவிலகல் எண், சோடியம், மெக்னீசியம் முதலிய அளவுகள். கட்டடம், வாகனம் இரண்டின் ஜன்னல் கண்ணாடி 163. மிச்சம் 51 பாட்டில், டம்ளர், ஹெட்லைட் வகையறா. நிரலை ஓட்டிப் பார்த்துவிட்டு நகர்ந்துவிடுவோம். ஆனால் இது இங்கிலாந்தில் ஆல்டர்மாஸ்டன் தடய அறிவியல் ஆய்வு நிலையத்திலிருந்து வந்த தரவு. குற்ற வழக்குகளுக்காக அளந்தது.

கேள்வி எளிமையானது. ஜன்னலை உடைத்துத் திருட்டு. சந்தேக நபரின் சட்டையில் ஒரு சில்லு. அது அந்த ஜன்னலுடையதா? இரண்டின் ஒளிவிலகல் எண்ணையும் அளந்து, வித்தியாசம் ஒரு எல்லைக்குள் இருந்தால் ‘ஒத்துப்போகிறது’, மயிரிழை தாண்டினாலும் ‘இல்லை’ என்பது பழைய முறை.

1977ல் டென்னிஸ் லிண்ட்லி ‘பயோமெட்ரிகா’ இதழில் கேள்வியையே மாற்றினார். அதே ஜன்னல் என்றால் இந்த அளவு கிடைக்க எவ்வளவு வாய்ப்பு? வேறெங்கிருந்தோ வந்தது என்றால் எவ்வளவு வாய்ப்பு? முதலாவதை இரண்டாவதால் வகுத்தால் வருவதுதான் சாட்சியத்தின் எடை. மேலே இருப்பதை ஆய்வகத்தில் அளந்துவிடலாம். கீழே இருப்பதை ஊருக்குள்தான் தேடணும்.

நம்ம ஊரையே எடுத்துக்கொள்வோம். ஸ்ரீரங்கத்து உத்திர வீதி, சித்திரை வீதிப் பழைய வீடுகளில் ஜன்னல் என்றால் மரக்கதவும் இரும்புக் கம்பியும்தான். தில்லைநகர் அடுக்குமாடிகளில் ஸ்லைடிங் கண்ணாடி. 1959ல் பில்கிங்டன் நிறுவனம் அறிவித்த ஃப்ளோட் முறையில், உருகிய வெள்ளீயத்தின் மேல் கண்ணாடியை மிதக்கவிட்டு இடைவிடாமல் தகடாக்குகிறார்கள். 2000ல் ஸ்ரீபெரும்புதூரில் செயிண்ட் கோபைன் ஆலை வந்தது. ஒரே ஆலைக் கண்ணாடி தெருத்தெருவாகப் போனால், ‘ஒத்துப்போகிறது’ என்பதன் எடை குறையத்தானே செய்யும்?

இன்னொரு சறுக்கலும் உண்டு. 100 ஜன்னலுக்கு 1ல் அதே எண் என்று வைத்துக்கொள்வோம். ‘அப்போ 99 சதவீதம் இவன்தான்’ என்று சொல்லத் தோன்றும். தப்பு. 10,000 ஜன்னல் உள்ள ஊரில் சுமார் 100 ஜன்னல் அதே எண்ணோடு நிற்கும். 1987ல் தாம்ப்சன், ஷூமன் இருவரும் இதற்கு ‘அரசு வழக்கறிஞரின் பிழை’ என்று பெயர் வைத்தார்கள்.

1872 சாட்சியச் சட்டத்தில் பிரிவு 45, 2024 ஜூலை 1 முதல் பாரதிய சாக்ஷ்ய அதினியத்தில் பிரிவு 39: இரண்டுமே நிபுணர் கருத்துக்கு இடம் கொடுக்கின்றன. குறுக்கு விசாரணையில் நிபுணரிடம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: “எந்த ஊர் கண்ணாடியோட ஒப்பிட்டீங்க?” ஆல்டர்மாஸ்டன் கணக்கை வைத்துத் திருச்சிக்காரர் ஒருவரை ஜெயிலுக்கு அனுப்ப முடியாது.