6939-இல் பிரிக்க வேண்டிய கடிதம்

1938 செப்டம்பர் 23, நண்பகல். பகலும் இரவும் சமமாகும் இலையுதிர்காலச் சமநாள். கதிரவன் நிலநடுக்கோட்டைக் கடக்கும் நிமிஷத்துக்கே நேரம் குறித்து, நியூயார்க்கின் ஃப்ளஷிங் மெடோஸ் மைதானத்தில் ஏழரை அடி நீளமுள்ள ஒரு செப்புக் குழலை 50 அடி ஆழத்துக்கு இறக்கினார்கள். எடை ஏறத்தாழ 800 பவுண்ட். சில ஆண்டுகளுக்கு முன்புவரை அந்த இடம் வெறும் சாம்பல் மேடு. புரூக்ளின் வீடுகளின் அடுப்புச் சாம்பலை ரயிலில் கொண்டுவந்து கொட்டியே மூடிய சதுப்பு நிலம். அதைச் சமன்படுத்தி 1939 உலகக் கண்காட்சிக்குத் தயார் செய்துகொண்டிருந்தார்கள். குழலுக்குள் மற்ற சாமான்களோடு மூன்று கடிதங்கள் இருந்தன. அவை போய்ச் சேர வேண்டிய ஆண்டு 6939.

கண்காட்சியில் அரங்கம் அமைத்த வெஸ்டிங்ஹவுஸ் மின்சாதன நிறுவனத்தின் யோசனை இது. அதைத் தலையில் போட்டுக்கொண்டு அலைந்தவர் அங்கே மக்கள் தொடர்பைக் கவனித்த ஜி. எட்வர்ட் பெண்ட்ரே. ராக்கெட் பித்துப் பிடித்த மனிதர். 1930-இல் மனைவியோடும் நண்பர்களோடும் சேர்ந்து அமெரிக்கக் கோளிடைச் சங்கத்தைத் தொடங்கி, திரவ எரிபொருள் ராக்கெட்டுகளைச் சோதித்துப் பார்த்தவர்களில் ஒருவர். செப்புக் குழலின் படத்தைப் பார்த்தால் அந்தப் பித்து தெரியும். கூரிய முனையோடு, கிளம்பத் தயாராக நிற்கும் ராக்கெட் போலவே இருக்கிறது. போகும் திசை மட்டும் கீழ்நோக்கி. பெண்ட்ரே முதலில் இதற்கு வைத்த பெயர் 'டைம் பாம்'. காலவெடி என்று சொல்லலாம். பிறகு மனம் மாறி 'டைம் கேப்ஸ்யூல்' என்றார். இன்று பள்ளிக்கூடப் பிள்ளைகள்கூடச் சொல்லும் அந்தச் சொல் பிறந்தது இங்கேதான். தமிழில் காலப்பேழை என்கிறோம்.

எதிர்காலத்துக்குப் பொருள் சேர்த்துப் பூட்டிவைக்கும் எண்ணம் அவருக்கு முன்பே ஜார்ஜியா மாநிலத்தில் முளைத்திருந்தது. ஓகிள்தார்ப் பல்கலைக்கழகத் தலைவர் தார்ன்வெல் ஜேக்கப்ஸ், பழைய நாகரிகங்களைப் பற்றி நமக்குக் கிடைப்பது துண்டு துணுக்குதானே என்று வருந்தி, 1936-இல் ஒரு திட்டம் வெளியிட்டார். கல்லூரிக் கட்டடத்தின் அடித்தளத்தில் இருந்த பழைய நீச்சல் குளத்தையே அறையாக மாற்றி, 1940-இல் துருப்பிடிக்காத எஃகுக் கதவைப் பற்றவைத்து மூடினார். அது 8113 வரை காத்திருக்க வேண்டும். ஜேக்கப்ஸ் கட்டியது அறை, பெண்ட்ரே செய்தது பாத்திரம். எனக்குப் பாத்திரத்தின் மேல்தான் ஆசை. கையில் தூக்கிப் பார்க்கக்கூடிய ஒரு பொருளை ஐயாயிரம் ஆண்டு வாழவைக்க என்னென்ன செய்ய வேண்டும் என்று யோசித்து யோசித்துச் செய்திருக்கிறார்கள்.

முதல் கேள்வி, எந்த உலோகம்? இரும்பு துருவேறும். தங்கம் அழியாது, ஆனால் தங்கத்தைப் புதைத்தால் ஐயாயிரம் ஆண்டு எங்கே தாங்கும், ஐந்தே வருஷத்தில் தோண்டிவிடுவார்கள். செம்பு ஆயிரக்கணக்கான ஆண்டு மண்ணில் கிடந்தும் எழுந்து வருகிற உலோகம். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். நாகப்பட்டினத்து பௌத்த விகாரத்துக்கு ராஜராஜன் விட்ட கொடையைச் சொல்லும் ஆனைமங்கலச் செப்பேட்டின் 21 ஏடுகளும் ஆயிரம் ஆண்டாகத் தேயாமல் இருக்கின்றன. ஆனால் தூய செம்பு மெத்தென்றிருக்கும். 50 அடி மண்ணின் பாரத்தைத் தாங்க வலு வேண்டும். வெஸ்டிங்ஹவுஸ் பொறியாளர்கள் எடுத்துக்கொண்டது 'குபலாய்' என்ற கலவை. நூற்றுக்கு 99.4 பங்கு செம்பு, அரைப் பங்கு குரோமியம், 0.1 பங்கு வெள்ளி. சூடேற்றிப் பதப்படுத்தினால் எஃகுக்கு அருகில் நிற்கும் உறுதி, செம்பின் அரிமானத் தாங்குதிறன், இரண்டும் இதில் கிடைத்தன. இன்னொரு கணக்கும் போட்டிருந்தார்கள். ஈர மண்ணில் செம்பும் இரும்பும் அருகருகே கிடந்தால் மின்வேதி வினையில் முதலில் கரைவது இரும்புதான். சுற்றிலும் எந்தத் துருப்பிடித்த குப்பை கிடந்தாலும் குழலுக்குச் சேதமில்லை.

குழலை ஏழு துண்டுகளாக வார்த்து, மரை போட்டுத் திருகி இணைத்தார்கள். மூட்டுகளுக்குள் உருக்கிய தார். பொருள்களை அடுக்கிய பிறகு போட வேண்டிய கடைசி மூட்டுதான் கடினமானது. அதைச் சூட்டில் விரியவைத்துப் பொருத்தி, ஆறும்போது தானே இறுகும்படி விட்டார்கள். மாட்டுவண்டிச் சக்கரத்துக்குக் கொல்லர் இரும்புப் பட்டா போடுவதும் இதே முறையில்தான்.

செம்புக்குள் இன்னொரு பாத்திரம் இருக்கிறது. ஆறரை அங்குல விட்டமுள்ள பைரெக்ஸ் கண்ணாடிக் குழாய். இரண்டுக்கும் நடுவே அதிர்ச்சியைத் தாங்க மெழுகு. கண்ணாடிக்குள்ளிருந்த காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு நைட்ரஜனை நிரப்பினார்கள், அதுவும் சிறிது ஈரப்பதம் கலந்த நைட்ரஜனை. இந்த ஈரம் எனக்கு மிகவும் பிடித்த நுணுக்கம். பத்திரப்படுத்துவது என்றாலே உலர்த்துவது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். ஒரேயடியாக உலர்ந்த காகிதம் தொட்டவுடன் அப்பளமாக நொறுங்கும். ஈரம் மிஞ்சினாலோ பூஞ்சை. காகிதம் வளைந்துகொடுக்கும் அளவுக்கு மட்டும் ஈரம் வேண்டும். 1950-களின் தொடக்கத்தில் அமெரிக்க விடுதலைப் பிரகடனத்தை ஹீலியம் வாயு நிரப்பிய கண்ணாடிப் பேழையில் வைத்தபோதும் இதே போல் அளந்துதான் ஈரம் சேர்த்தார்கள்.

ஆறரை அங்குலம் என்ற அளவே உள்ளே போவது எது என்று தீர்மானித்தது. கலைக்களஞ்சியத் தொகுதிகளை நுழைக்க முடியாது. ஆகவே 22,000-க்கும் மேற்பட்ட பக்கங்களை, ஏறத்தாழ ஒரு கோடிச் சொற்களை, 1,100 அடி மைக்ரோஃபிலிமில் படமெடுத்துச் சுருட்டினார்கள். படிப்பதற்கு ஒரு சிறு நுண்ணோக்கியையும் வைத்து, பெரிய வாசிப்புக் கருவியைச் செய்துகொள்ளும் முறையையும் எழுதிவைத்தார்கள். மிச்சமிருந்த இடத்தில் அன்றாடச் சாமான்கள்: டின் திறப்பான், ஊக்கு, மிக்கி மவுஸ் படம் போட்ட குழந்தைக் கோப்பை, ஒரு டாலருக்குச் சில்லறை, அந்த ஆண்டின் மோஸ்தரில் ஒரு பெண்ணின் தொப்பி. கண்ணாடிக் குப்பிகளில் கோதுமை, சோளம், நெல், பருத்தி, கேரட் விதைகள். பார்த்த கண்ணுக்குப் பெட்டிக்கடைச் சரக்கு மாதிரி இருக்கிறது. அரசர்களின் கல்லறையில் இல்லாத சரக்கு இது. ஒரு காலத்து மனிதர் காலையில் எழுந்ததும் எதைத் தேடினார் என்பது இதில்தான் தெரியும்.

கடிதங்களை எழுதியவர்கள் இயற்பியலாளர்கள் ஐன்ஸ்டைன், ராபர்ட் மில்லிகன், நாவலாசிரியர் தாமஸ் மன். ஐன்ஸ்டைன் 1933-இல் ஜெர்மனியைத் துறந்தவர். மன் 1938-இல்தான் அமெரிக்காவில் குடியேறியிருந்தார். கடல்களைத் தாண்டவும் பறக்கவும் கற்ற தம் காலத்து மனிதர்கள், குறிப்பிட்ட இடைவெளி என்றில்லாமல் அவ்வப்போது ஒருவரையொருவர் கொன்றும் வருகிறார்கள் என்று ஐன்ஸ்டைன் எழுதினார். எதிர்காலத்தை நினைக்கும் எவரும் அச்சத்தோடு வாழ வேண்டியிருக்கிறது என்றார். இதைப் படிக்கும் சந்ததியார் நியாயமான பெருமிதத்தோடு படிப்பார்கள் என்று நம்புவதாக முடித்தார். மன்னுக்கு அந்த நம்பிக்கைகூட அரைகுறைதான். எதிர்காலம் என்றாலே மேலானது என்று எண்ணுவது தவறு என்பது அவர் கருத்து. குழல் மண்ணுக்குள் போய் ஒரே வாரத்தில் மியூனிக் உடன்படிக்கை கையெழுத்தானது. அடுத்த ஆண்டு போர்.

இதுவரை சொன்னது உலோகமும் கண்ணாடியும். நல்ல பட்டறையும் பணமும் இருந்தால் யாரும் இந்த அளவு செய்துவிடலாம் என்றே நினைக்கிறேன். பெண்ட்ரேயும் கூட்டாளிகளும் கவலைப்பட்ட அடுத்த விஷயத்தில்தான் பெரும்பாலான காலப்பேழைகள் தோற்கின்றன. புதைத்த இடம் மறந்துபோகும். கலிபோர்னியாவின் கொரோனா நகரம் 1930-களிலிருந்து புதைத்தவற்றில் 17 பேழைகளைத் தொலைத்தது. 1986-இல் நகரமன்ற வளாகத்துக் காங்கிரீட் தரையை உடைத்துத் தேடியும் கிடைக்கவில்லை. இடம் தெரிந்தவர்களுக்கும் பாத்திரம் துரோகம் செய்வதுண்டு. ஓக்லஹோமாவின் டல்சா நகரம் 1957-இல் புத்தம்புதிய பிளிமத் காரை நிலத்தடிக் காங்கிரீட் அறையில் வைத்து மூடியது. 2007-இல் கூட்டம் கூடித் திறந்தபோது அறைக்குள் தண்ணீர் புகுந்திருந்தது, கார் துருவின் உருண்டையாக வந்தது. பக்கத்திலேயே இறுக மூடிவைத்த சிறிய எஃகுக் குழலில் இருந்த தாள்கள் மட்டும் நன்றாக இருந்தன.

மறதிக்கு மருந்தாக வெஸ்டிங்ஹவுஸ் குழு ஒரு புத்தகம் அச்சிட்டது. குழல் என்ன, எங்கே இருக்கிறது, எப்போது எடுக்க வேண்டும் என்று சொல்லும் பதிவேடு. நீடித்து உழைக்கும் பருத்திக் கந்தல் காகிதம், நிறம் மங்காத மை. மூவாயிரத்துக்கும் மேற்பட்ட படிகளை உலகெங்கும் நூலகங்களுக்கும் அருங்காட்சியகங்களுக்கும் மடாலயங்களுக்கும் அனுப்பினார்கள். படிப்பவர்கள் இதைப் போற்றிக் காக்க வேண்டும், மொழி மாறும்போதெல்லாம் புதிய மொழியில் பெயர்த்துவைக்க வேண்டும் என்று அதிலேயே வேண்டிக்கொண்டார்கள். ஓலைச்சுவடியை ராமபாணம் அரிக்குமுன் அடுத்த தலைமுறை படியெடுத்தே காத்த நாட்டில் பிறந்தவனுக்கு இந்த வேண்டுகோள் மிகவும் நெருக்கமாக ஒலிக்கிறது.

குழல் கிடக்கும் இடத்தின் அட்சரேகை வட 40 பாகை 44 கலை 34.089 விகலை, தீர்க்கரேகை மேற்கு 73 பாகை 50 கலை 43.842 விகலை. விகலையில் ஆயிரத்தில் ஒரு பங்கு என்பது அட்சரேகையில் தரையில் ஏறத்தாழ ஒன்றேகால் அங்குலம்தான். கிறிஸ்தவ ஆண்டுக்கணக்கே வழக்கொழிந்துவிட்டால்? அதற்கும் பிற நாட்காட்டிகளின் ஆண்டுகளைத் தந்தார்கள். அந்த நாட்காட்டிகளும் ஒழிந்தால், 1939-இல் வரவிருந்த இரண்டு சூரிய கிரகணங்களும் இரண்டு சந்திர கிரகணங்களும் இருக்கின்றன. வானத்தைக் கணக்கிடத் தெரிந்த எவரும் பின்னோக்கிப் போய் ஆண்டைப் பிடித்துவிடலாம். நம் கல்வெட்டுகளின் காலத்தைக் கணிக்கவும் கிரகணக் குறிப்புகள் கைகொடுப்பதுண்டு.

எல்லாம் சரி, எடுத்தவருக்கு ஆங்கிலம் தெரியாவிட்டால்? மீண்டும் ஆனைமங்கலச் செப்பேட்டுக்கு வருகிறேன். ராஜராஜனின் கொடையை அவன் மகன் ராஜேந்திரன் காலத்தில் அதில் பொறித்த எழுத்து தேயவில்லை. ஆனாலும் பயிற்சி இல்லாத தமிழனுக்கு அது வெறும் கோடு. அதுவும் ஆயிரம் ஆண்டில். ஐயாயிரம் என்றால்?

இந்த வேலைக்கு ஸ்மித்சோனியன் நிறுவனத்தின் ஜான் பீபாடி ஹாரிங்டனை அழைத்தார்கள். அவரைவிடப் பொருத்தமான ஆள் அப்போது யாரும் இருந்திருக்க முடியாது என்பேன். கலிபோர்னியாவின் பழங்குடி மொழிகளில் கடைசியாக மிஞ்சிய பேச்சாளிகளைத் தேடித்தேடிப் போய், அவர்கள் வாயிலிருந்து வரும் ஒவ்வோர் ஒலியையும் எழுதிக்கொண்டே ஆயுளைக் கழித்தவர். ஒரு மொழி எப்படி ஒரே ஒரு கிழவியின் தொண்டையில் வந்து நிற்கும் என்று அருகில் உட்கார்ந்து பார்த்தவர். ஆங்கிலத்துக்கும் அந்த நாள் வரும் என்பதை அவரிடம் யாரும் வாதாடி ஒப்பவைக்க வேண்டியிருக்கவில்லை.

பதிவேட்டில் அவர் ஆங்கிலத்துக்கு ஒரு திறவுகோல் எழுதினார். ஆங்கிலத்தின் 33 ஒலிகளும் வாயில் எங்கே பிறக்கின்றன என்று காட்டும் வாயின் வரைபடம் அதில் உண்டு. மொழி மாறலாம், நாக்கும் அண்ணமும் பல்லும் உதடும் மாறாது என்ற நம்பிக்கையில் வரைந்த படம். வாடைக்காற்றும் சூரியனும் போட்டியிட்ட ஈசாப் கதையை அந்த ஒலிக்குறிகளில் எழுதிக் காட்டினார். தொல்காப்பியரின் பிறப்பியல் படித்தவர்களுக்கு இது புதிதாகத் தோன்றாது. உந்தியில் எழும் காற்று தலையிலும் மிடற்றிலும் நெஞ்சிலும் நின்று, பல்லும் இதழும் நாவும் மூக்கும் அண்ணமும் பட்டு எழுத்தாவதை நம் இலக்கணம் வரிசையாகச் சொல்கிறது. முன்பின் கேட்டிராத ஒருவருக்கு ஒரு மொழியின் ஓசையைக் கொண்டுசேர்க்க உடம்பைவிட நல்ல வழி இல்லை.

1965-இல், அதே மைதானத்தில் நடந்த அடுத்த உலகக் கண்காட்சியின்போது, இன்னொரு குழலைச் செய்து பழையதற்குப் பத்தடி வடக்கே புதைத்தார்கள். இம்முறை துருப்பிடிக்காத எஃகு வகை. பீட்டில்ஸ் இசைத்தட்டு, கடன் அட்டை, விண்கலத்தின் வெப்பக் கவசத் துண்டு எல்லாம் போயின. இரண்டையும் 6939-இல் சேர்த்துத் திறக்க வேண்டும். மேலே வட்டமான கருங்கல் அடையாளம் ஒன்று இருக்கிறது.

ஹாரிங்டன் 1961-இல் இறந்தார். அதன் பிறகுதான் அவர் தனியாகப் பதுக்கிவைத்திருந்த தாள்கள் ஒவ்வோர் இடமாக வெளிவந்தன. கிடங்குகளில், கொட்டகைகளில், கோழிக்கூண்டுகளில்கூடப் பெட்டி பெட்டியாகக் கிடந்தன. நைட்ரஜனும் இல்லை, பைரெக்ஸும் இல்லை, வெறும் அட்டைப் பெட்டிகள். அவற்றில் கலிபோர்னியப் பழங்குடி மொழிகளில் ஒன்றான முட்சுன் மொழிக் குறிப்புகளும் இருந்தன. அந்த மொழியைச் சரளமாகப் பேசிய கடைசிப் பெண் அசென்சியோன் சொலோர்சானோ. 1929-இல் நோய்ப்படுக்கையில் கிடந்தபடி அவர் சொல்லச் சொல்ல, ஹாரிங்டன் பக்கத்தில் உட்கார்ந்து எழுதிக்கொண்டே இருந்தார். அடுத்த ஜனவரியில் அசென்சியோன் காலமானார். முட்சுன் மக்கள் மொழியியலாளர்களோடு சேர்ந்து அந்தத் தாள்களையும் பழைய பாதிரியார்களின் குறிப்புகளையும் வைத்து ஓர் அகராதி தொகுத்திருக்கிறார்கள். அதைக் கொண்டு பேசிப் பழகுகிறார்கள்.