காவலுக்குக் கூலி கொடுத்தவர் யார்?

வேலி காக்க வந்தவன் விளைச்சலையே அளந்துகொண்டு போனால் அவனுக்கு என்ன பெயர்? காவலன் என்றா சொல்வோம்? செங்கற்பட்டுச் சீமையின் வரலாறு இந்தக் கேள்வியில்தான் தொடங்குகிறது. மன்னர்களின் வெற்றிகளை மனப்பாடம் செய்தோம். அந்த வெற்றிகளுக்குப் பணம் கட்டியவர் யார் என்று கேட்டோமா?

ஆர்க்காட்டு நவாபு முகமது அலிக்காகக் கிழக்கிந்தியக் கம்பெனியார் போரிட்டனர். உதவிக்கு ஈடாக 1763-ஆம் ஆண்டில் நவாபு அளித்தது செங்கற்பட்டுச் சீமை! புதுப்பட்டினத்துக் கடலோரமும் காஞ்சிபுரத்து வயல்வெளியும் கொண்ட இச்சீமைக்கு ஜாகிர் என்று பெயர். கொடுத்தவர் நவாபு, பெற்றவர் கம்பெனியார், கட்டியவன் உழவன். அவனை ஒருவரும் கேட்கவில்லை!

கூலி பெற்றவர்கள் காத்தனரா? 1780-இல் ஐதர் அலியின் படை புகுந்தது. காஞ்சியை அடுத்த பொள்ளிலூரில் கம்பெனிப் படையின் ஒரு பிரிவு அழிந்தது. ஊர்கள் பாழாயின, மக்கள் சிதறினர். அதே ஆண்டில்தான் ஜாகிரின் நிருவாகத்தைக் கம்பெனியார் நேராகத் தம் கையில் எடுத்துக்கொண்டனர். காவல் தோற்றது, காவலரின் உரிமையோ வளர்ந்தது! 1792-ஆம் ஆண்டு உடன்படிக்கைப்படி, படைச் செலவுக்காக நவாபு ஆண்டுதோறும் 9 இலட்சம் வராகன் தரவேண்டும். 1801-இல் ஆட்சியும் பறிபோயிற்று.

ஒரு சீமையில் நடந்தது பின்னர் நாடெங்கும் நடந்தது. எல்லைக்கு அப்பால் நடக்கும் போருக்கு இந்திய வருவாயைச் செலவிட வேண்டுமானால் பாராளுமன்றத்தின் இசைவு வேண்டும் என்றது 1858-ஆம் ஆண்டுச் சட்டம். எந்தப் பாராளுமன்றம்? இலண்டன் பாராளுமன்றம்! 1867-இல் அபிசீனியாவுக்குப் படை சென்றது. அப்படையின் வழக்கமான சம்பளத்தை இந்திய உழவனின் வரிப்பணம் சுமந்தது. அபிசீனியா எங்கே, அவன் ஏர் எங்கே?

இந்த அநீதியை 1895-இல் அமைந்த வெல்பி கமிஷனில் உறுப்பினராயிருந்த தாதாபாய் நௌரோஜி எதிர்த்தார். சென்னையிலிருந்து சென்ற ஜி. சுப்பிரமணிய ஐயரும் அங்கே சாட்சியம் அளித்தார். நெடுநாள் வழக்காடிய பிறகு, 1933-இல்தான் ஆண்டுக்கு 15 இலட்சம் பவுன் தர பிரிட்டன் இசைந்தது.

இரண்டாம் உலகப் போர் வந்தது. செலவைப் பங்கிடப் புதிய உடன்பாடு ஏற்பட்டது. ஏட்டளவில் அது நியாயமாகவே தோன்றிற்று. ஆனால் பிரிட்டனின் பங்குக்கு உரிய வரவு இலண்டன் ஏட்டில் ஏறியது. செலவுக்கான நாணயத்தாள் இங்கே அச்சாயிற்று. விலைவாசி விண்ணை முட்டியது. 1943-இல் வங்கத்தில் பஞ்சம் இலட்சக்கணக்கானவரை விழுங்கியது. போர் முடிந்தபோது பிரிட்டன் நமக்குத் தரவேண்டிய கடன் ஏறத்தாழ 130 கோடி பவுன்! பட்டினியால் மாண்டவன் அந்த ஏட்டைப் பார்த்தா பசியாறுவான்?

தோழர்களே! நாட்டுக்குக் காவல் தேவை. காவலுக்குச் செலவும் தேவை. நாம் மறுப்பது அதை அன்று. எதிரி யார், படை எங்கே செல்வது, செலவு எவ்வளவு என்பனவற்றை ஒருவன் முடிவு செய்ய, வரியை மட்டும் மற்றவன் கட்டுவது பாதுகாப்பு ஆகாது, அது கப்பம்! பங்கு எத்தனை விழுக்காடு என்று பேசுமுன், முடிவு செய்வது எவர் என்று கேட்போம். செங்கற்பட்டு உழவன் அன்று கேட்க முடியாமற்போன கேள்வி அது.