நிழலை அளந்து நீரைப் பங்கிட்டவர்கள்

ஊரில் எவரிடமும் கடிகாரம் இல்லை. கண்மாய் ஒன்றே ஒன்று. அதன் கீழ் நூறு குடும்பங்களின் வயல்கள். வற்றிக்கொண்டு வரும் தண்ணீரை அடிதடியில்லாமல் பங்கிட வேண்டும். நீங்களாயிருந்தால் எப்படிச் செய்வீர்கள்?

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மதுரை, இராமநாதபுரம் சீமைகளில் இருந்த பல ஊர்கள் இந்தக் கணக்கை ஆண்டுதோறும் போட்டன. போட்டவர் பெயர் நீர்க்கட்டி. சில ஊர்களில் நீர்ப்பாய்ச்சி, மடைக்குடும்பன் என்றும் சொல்வார்கள். மடையைத் திறப்பதும் அடைப்பதும் அவர் ஒருவரே. பழைய மடைகளில் இது எளிய வேலையன்று. நீருக்குள் நிற்கும் இரண்டு கல்தூண்கள் வரை நீந்திச் சென்று, மூழ்கி, கல்துளையை மூடியிருக்கும் கட்டையை அகற்ற வேண்டும்.

கண்மாய் நிறைந்திருக்கும்வரை எல்லா வயலுக்கும் தாராளமாகப் பாயும். நீர் இறங்கியதும் முறை வைத்துப் பாய்ச்சுவார்கள்: இன்ன வயலுக்கு இவ்வளவு நேரம் என்று. இங்கேதான் பௌதிகம் குறுக்கிடுகிறது. துளை வழியே வெளியேறும் நீரின் வேகம், துளைக்கு மேல் நிற்கும் நீரின் உயரத்திற்கு நேர்விகிதத்தில் அமைவதில்லை. அந்த உயரத்தின் வர்க்கமூலத்திற்கே நேர்விகிதத்தில் அமைகிறது. டாரிசெல்லி 1644இல் வெளியிட்ட விதி இது. நீர்மட்டம் 8 அடியிலிருந்து 2 அடிக்கு இறங்கினால், வேகம் பாதியாகும். அதாவது முன்பு ஒரு நாழிகையில் பாய்ந்த நீருக்கு இப்போது இரண்டு நாழிகை வேண்டும். நீர்க்கட்டிக்கு டாரிசெல்லியைத் தெரியாது. வாய்க்காலில் ஓடும் நீரின் கனம் தெரியும்.

நேரத்தை எப்படி அளந்தார்? பல ஊர்களில் பகலில் தம் நிழலைக் காலடியால் அளந்தார். ஒரு மனிதனின் உயரம் ஏறக்குறைய அவனது காலடியைப் போல் ஏழு மடங்கு எனக் கொள்வோம். பங்குனி மாதத்தில், இரவும் பகலும் சமமாக இருக்கும் நாளில், நம் தென்மாவட்டங்களில் சூரியன் உச்சிக்கு வர ஐந்து மணி நேரம் இருக்கும்போது நிழல் சுமார் 26 அடி. அடுத்த ஒரு மணியில் அது 12 அடியாகச் சுருங்கிவிடும். ஆனால் உச்சிக்கு இரண்டு மணி முன்பு 4 அடி இருக்கும் நிழல், அடுத்த ஒரு மணியில் குறைவது 2 அடிதான். ஆக, காலை அடியும் நடுப்பகல் அடியும் ஒரே நேரத்தைக் குறிக்கா. இதைக் கணக்கில் கொள்ளாதவர் முறை வைத்தால் நடுப்பகல் வயலுக்கு யோகம்தான்! இரவில் இந்தத் தொல்லை இல்லை. விண்மீன்கள் மணிக்கு 15 பாகை வீதம் சீராகவே நகர்கின்றன.

சம்பளம் பணமாக அன்று. அறுவடைக் களத்தில் கதிர்க்கட்டுகளாக. கரையைப் பேணுவதற்கும் வாய்க்கால் தூர் எடுப்பதற்கும் குடிமராமத்து இருந்தது. நிலம் உள்ளவர்கள் ஆள் அனுப்ப வேண்டும். இந்த ஒற்றுமையைப் பொற்காலம் என்று புகழ்வோர் உண்டு. எனக்கு அவ்வளவு உறுதியில்லை. வழக்கப்படி வேலைக்கு வராதவர்களைக் கட்டாயப்படுத்த 1858இலேயே சென்னை மாகாணத்தில் சட்டம் இயற்ற வேண்டியிருந்ததே!

இன்னொன்றையும் மறைக்கலாகாது. நீர்க்கட்டிகளில் பலர் தாழ்த்தப்பட்ட வகுப்பினர். அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் சொந்த நிலம் இல்லாதவரையே பல ஊர்கள் தேடி அமர்த்தின. நிலம் இல்லாதவருக்கு ஓரவஞ்சனை செய்ய என்ன காரணம் இருக்கும்? நடுநிலைக்கு இது நல்ல ஏற்பாடுதான். ஆனால் நடுநிலைக்கு அவர் கொடுத்த விலை, நிலமின்மை. ஊரார் வயலுக்கெல்லாம் நீரை அளந்து விட்ட அதே கை, மேல்சாதித் தெருக் கிணற்றில் வாளி இறக்கக் கூடாது. பொதுச் சாலை, கிணறு, குளம் ஆகியவை தாழ்த்தப்பட்டோருக்கும் உரியவை என்ற தீர்மானத்தை இரட்டைமலை சீனிவாசன் சென்னைச் சட்டசபையில் கொண்டுவந்து நிறைவேற்றியது 1924இல். தீர்மானம் கிராமத்துக் கிணற்றடிக்கு வந்து சேரப் பல பத்தாண்டுகள் பிடித்தன.

பம்புசெட்டுகள் பெருகியபின் முறைப்பாசனம் பல ஊர்களில் மறைந்தது. சில கண்மாய்களில் நீர்க்கட்டிகள் இன்னமும் உள்ளனர். உங்கள் ஊர்ப் பக்கம் ஒருவர் இருந்தால், அவருடைய நிழல் கணக்கைக் கேட்டு எழுதிக்கொள்ளுங்கள். பிறகு ஒரு விடுமுறை நாளில், காலை ஏழு மணி முதல் மணிக்கொருமுறை உங்கள் நிழலை நீங்களே அளந்து, அவர் சொன்னதோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.