கண் அழுத்த நோய்

கண் அழுத்த நோய் (குளுக்கோமா) என்பது கண்ணிலிருந்து மூளைக்குக் காட்சியைக் கொண்டு செல்லும் பார்வை நரம்பு படிப்படியாகச் சிதைவுறும் நோய்த் தொகுதி ஆகும். கண்ணின் உள் அழுத்தம் மிகுதல் இதன் முதன்மையான இடர்க் காரணி. இந்நோயால் இழந்த பார்வையை மீட்க இயலாது. கண்புரையில் மங்கிய பார்வை அறுவை மூலம் திரும்பக் கூடும் என்பதால், இவ்விரு நோய்களையும் வேறுபடுத்தி அறிதல் இன்றியமையாதது.

கண் அழுத்தம்

கண்ணின் முன்பகுதியில் தெளிந்த நீர்மம் ஒன்று இடைவிடாது சுரக்கிறது. சிலியரி உடலத்தில் உருவாகும் இந்நீர்மம் பாவை வழியாக முன்னறைக்கு வந்து, விழிவெண்படலமும் (கார்னியா) ஐரிசும் சந்திக்கும் கோணத்தில் உள்ள சல்லடை போன்ற திசுவின் வழியே வெளியேறுகிறது. சுரக்கும் அளவும் வடியும் அளவும் சமமாக இருக்கும்வரை அழுத்தம் நிலையாக இருக்கும். வடிகால் தடைப்பட்டால் அழுத்தம் உயரும்.

இவ்வழுத்தம் பொதுவாக 10 முதல் 21 மி.மீ. பாதரசம் வரை இருக்கும். இதற்கும் இரத்த அழுத்தத்திற்கும் நேரடித் தொடர்பு இல்லை. ஒன்றை அளந்து மற்றதை அறிய முடியாது. அழுத்தம் 21-க்கு மேல் இருந்தும் நரம்பு சிதையாத நிலை கண் மிகை அழுத்தம் எனப்படும். மாறாக, அழுத்தம் இயல்பு அளவில் இருக்கும்போதே நரம்பு சிதைவதும் உண்டு.

வகைகளும் அறிகுறிகளும்

திறந்த கோண வகை: வடிகால் கோணம் திறந்திருந்தும் நீர்மம் மெதுவாகவே வடியும். வலியோ சிவப்போ இராது. பார்வைப் புலத்தின் ஓரப்பகுதிகள் முதலில் மறையும்; நடுப்பார்வை இறுதிவரை எஞ்சியிருக்கும். ஒரு கண்ணின் குறையை மறு கண் ஈடு செய்வதால் நோயாளி இழப்பை உணர்வதில்லை. படிக்கட்டில் இடறுதல், பக்கவாட்டில் வருபவர் மீது மோதுதல் ஆகியவை தோன்றும்போது நோய் பெரும்பாலும் முற்றியிருக்கும்.

மூடிய கோண வகை: ஐரிசு வடிகால் கோணத்தை அடைத்துக் கொள்ளும். திடீரென அடைபட்டால் கடும் கண்வலி, தலைவலி, கண் சிவத்தல், விளக்கைச் சுற்றி வண்ண வளையம், குமட்டல், வாந்தி ஆகியவை ஏற்படும். இதனை ஒற்றைத் தலைவலி என்றோ வயிற்றுக் கோளாறு என்றோ எண்ணிக் காலம் தாழ்த்தலாகாது. சில மணி நேரத் தாமதமும் பார்வையைப் பறிக்கக் கூடும். இவ்வகை அறிகுறியின்றி நாட்பட்டும் வளரலாம்.

தமிழ்நாட்டில் ஆய்வுகள்

காவலூர் அமைந்துள்ள சவ்வாது மலைப் பகுதி 2019 வரை வேலூர் மாவட்டத்தில் இருந்தது. வேலூர் நகரில் 30 முதல் 60 வயதுக்குட்பட்ட 972 பேரிடம் நடத்தப்பட்டு 1998-இல் வெளியான ஆய்வில், ஆயிரம் பேருக்குச் சுமார் 43 பேரிடம் மூடிய கோண வகையும், 4 பேரிடம் திறந்த கோண வகையும், 31 பேரிடம் கண் மிகை அழுத்தமும் காணப்பட்டன. கண்டறியப்பட்ட மூடிய கோண நோயாளிகள் அனைவரும் நாட்பட்ட வகையினர். திடீர் வலி எவரையும் எச்சரிக்கவில்லை. ஐந்தாண்டுகளுக்குப் பின் மீண்டும் ஆராய்ந்தபோது, கண் மிகை அழுத்தம் உடையோரில் சுமார் 17 விழுக்காட்டினர் திறந்த கோண நோய்க்கு ஆளாகியிருந்தனர்.

மதுரை அரவிந்த் கண் மருத்துவமனை தென்மாவட்டங்களில் 40 வயதுக்கு மேற்பட்ட 5150 பேரிடம் நடத்தி 2003-இல் வெளியிட்ட ஆய்வில், 2.6 விழுக்காட்டினருக்குக் கண் அழுத்த நோய் இருந்தது. திறந்த கோண நோயாளிகளில் 93 விழுக்காட்டினர் அதுவரை தம் நோயை அறியாதிருந்தனர்.

யாருக்கு இடர் மிகுதி

* 40 வயதைக் கடந்தோர்
* பெற்றோர் அல்லது உடன்பிறந்தோருக்கு இந்நோய் உள்ளோர்
* மிகுந்த கிட்டப்பார்வை உடையோர் (திறந்த கோண வகை)
* தூரப்பார்வை உடையோர் (மூடிய கோண வகை)
* கண்ணில் அடிபட்டோர்
* ஸ்டீராய்டு மருந்துகளை நெடுநாள் பயன்படுத்துவோர். கண் அரிப்புக்காக மருந்துக்கடையில் தாமாகவே ஸ்டீராய்டு சொட்டு மருந்து வாங்கி இடுவோரும் இதில் அடங்குவர்.

கண்டறிதல்

அழுத்தமானியால் கண் அழுத்தம் அளக்கப்படுகிறது. அழுத்தம் ஒரு நாளுக்குள்ளேயே ஏறி இறங்குவதாலும், விழிவெண்படலம் மெலிந்தவர்களிடம் குறைவாகக் காட்டக் கூடும் என்பதாலும் ஒருமுறை அளவீடு போதாது. பார்வை நரம்பின் முகப்பை ஆராய்தல், வடிகால் கோணத்தை நோக்குதல், பார்வைப் புலச் சோதனை ஆகியவையும் தேவை. கண்ணாடிக்கான எழுத்துப் பலகைச் சோதனையில் இந்நோய் தப்பிவிடும்.

சிகிச்சை

அழுத்தத்தைக் குறைத்து எஞ்சிய பார்வையைக் காப்பதே சிகிச்சையின் நோக்கம். டிமோலால், லாட்டனோபிராஸ்ட் முதலிய சொட்டு மருந்துகள், லேசர், வடிகால் அமைக்கும் அறுவை ஆகியவை வழக்கில் உள்ளன. மூடிய கோண வகையில் லேசரால் ஐரிசில் சிறு துளை இடப்படுகிறது. டிமோலால் ஆஸ்துமாவைத் தூண்டக் கூடும் என்பதால், மூச்சிரைப்பு உள்ளோர் மருத்துவரிடம் அதனை முன்கூட்டியே தெரிவித்தல் வேண்டும்.

அமெரிக்காவில் கண் மிகை அழுத்தம் உடைய 1636 பேரிடம் நடந்து 2002-இல் வெளியான ஆய்வில், ஐந்தாண்டுகளில் சொட்டு மருந்து பெறாதோரில் 9.5 விழுக்காட்டினரும் பெற்றோரில் 4.4 விழுக்காட்டினரும் நோய்க்கு ஆளாயினர். மருந்து இடுவதால் பார்வை கூடுவதாக உணர முடியாது. அதனால் பலர் மருந்தை நிறுத்திவிடுகின்றனர். நோய் அமைதியாகத் தொடர்கிறது.