போட்டி கமாண்டர்

போட்டி கமாண்டர் என்பது ‘மேஜிக்: தி கேதரிங்’ அட்டை ஆட்டத்தை நான்கு பேர் ஒரே மேசையில், கூட்டணி இல்லாமல், வெற்றி ஒன்றையே குறியாகக் கொண்டு ஆடும் முறை. மூல ஆட்டத்தை ரிச்சர்ட் கார்ஃபீல்ட் வடிவமைத்தார். விசார்ட்ஸ் ஆஃப் த கோஸ்ட் நிறுவனம் 1993இல் வெளியிட்டது. அதில் பெரும்பாலும் இருவர்தான் மோதுவார்கள். நால்வர் வடிவம் 1990களில் அலாஸ்காவில் ஓர் ஆட்டக் குழுவில் தோன்றியது. ஷெல்டன் மெனரி அதை ஊரறியச் செய்தார். 2011 முதல் நிறுவனமே கமாண்டர் என்ற பெயரில் ஆயத்தக் கட்டுகளை விற்கத் தொடங்கியது. நண்பர்கள் சாவகாசமாக ஆடுவதற்கென்றே பிறந்த வடிவம் இது. போட்டிக் களத்துக்கு வந்ததும் அதன் விதிகள் சில நேர்மாறாக வேலை செய்தன.

ஒவ்வொருவரின் கட்டிலும் 100 அட்டைகள் இருக்கும். அடிப்படை நிலங்கள் தவிர எந்த அட்டையும் ஒன்றுக்கு மேல் கூடாது. கமாண்டராகத் தேர்ந்த பாத்திரம் கட்டுக்கு வெளியே காத்திருக்கும். அது வீழ்ந்தாலும் மறுபடி இறக்கலாம். ஆனால் ஒவ்வொரு முறையும் இரண்டு மானா (அட்டைகளை இறக்குவதற்கான ஆற்றல்) கூடுதலாகச் செலுத்த வேண்டும். கமாண்டரின் நிறங்களுக்கு வெளியே உள்ள அட்டைகளைக் கட்டில் சேர்க்க முடியாது. ஆட்டக்காரர் ஒவ்வொருவருக்கும் தொடக்கத்தில் 40 உயிர்ப் புள்ளிகள். இருவர் ஆட்டத்தில் இது 20 மட்டுமே.

வெல்வதற்கு மூன்று எதிரிகளின் 120 புள்ளிகளையும் சண்டையிட்டுக் கரைப்பது வீண் உழைப்பு. எனவே போட்டிக் கட்டுகள் ஒரே அடியில் மூவரையும் தோற்கடிக்கும் அட்டை இணைகளை நம்புகின்றன. இவற்றில் புகழ்பெற்றது தாசாஸ் ஆரக்கிள், டெமானிக் கன்சல்டேஷன் இணை. ஆரக்கிள் களமிறங்கும்போது, ஆடுபவரின் எடுப்புக் கட்டில் மீதமுள்ள அட்டைகள் அவரது நீலச் சின்னங்களின் எண்ணிக்கையைத் தாண்டாவிட்டால் அவர் வென்றுவிடுவார். கன்சல்டேஷனில் கட்டிலேயே இல்லாத ஓர் அட்டையின் பெயரைச் சொன்னால், அந்த எடுப்புக் கட்டு முழுவதும் நீங்கிவிடும். இரண்டுக்கும் சேர்த்து மூன்றே மானா. ஆரக்கிளின் திறனை யாராவது முறியடித்துவிட்டால், எடுக்க அட்டை இல்லாமல் அவரே அடுத்த முறையில் தோற்பார்.

ஆட்டத்தை நீட்டிக்க வைத்த 40 புள்ளிகளும் போட்டியில் எரிபொருளாகிவிட்டன. ஆட் நாஸியம் என்ற மந்திரம், உயிர்ப் புள்ளியை விலையாகக் கொடுத்து வேண்டிய மட்டும் அட்டை எடுக்க விடுகிறது. விலை குறைந்த அட்டைகளாகவே அடுக்கிய கட்டில், ஒரே மந்திரத்தில் கை நிறைந்துவிடும். மெதுவாக ஆடச் சொன்ன விதி ஆட்டத்தை விரைவுபடுத்தியது என்பதே இவ்வடிவத்தின் பெரிய வேடிக்கை.

இருவர் ஆட்டத்தின் அடிப்படைக் கணக்கும் இங்கே உடைகிறது. அங்கே ஒன்றுக்கு ஒன்று அட்டையைச் செலவழிப்பது சமமான பரிமாற்றம். நால்வர் மேசையில் எதிரியின் அட்டை ஒன்றை அழித்தால், அழித்தவர், இழந்தவர் இருவருக்குமே நட்டம். வேடிக்கை பார்த்த இருவருக்கு லாபம். எனவே எதிரிகள் பலர் என்பதையே ஆதாயமாக்கும் அட்டைகள் மதிப்புப் பெறுகின்றன. ரிஸ்டிக் ஸ்டடி இருக்கும்போது மற்றவர் மந்திரம் ஏவினால் ஒரு மானா கூடுதலாகக் கொடுக்க வேண்டும். இல்லையேல் அதை வைத்திருப்பவர் அட்டை எடுப்பார். ஒருவர் ஏவும் இடத்தில் மூவர் ஏவுவதால் அதன் வரவும் பெருகும்.

வெற்றி மந்திரத்தைத் தடுப்பது யார் பொறுப்பு என்பது தனிக் கலை. பதில் சொல்லும் வாய்ப்பு இருக்கை வரிசைப்படி சுற்றி வரும். முதலில் வாய்ப்புப் பெறுபவர் தடுப்பு மந்திரம் கையில் இருந்தும் பேசாமல் விட்டுவிடலாம். அடுத்தவர் செலவழிப்பார் என்ற நம்பிக்கைதான். கடைசியில் இருப்பவருக்குத் தள்ளிவிட ஆள் இல்லை. அவரிடமும் ஒன்றும் இல்லையென்றால் ஆட்டம் அங்கேயே முடியும். எதிரிகளின் கையை ஊகிக்கத் தெரியாதவர்கள் இந்தப் பந்தயத்தில் அடிக்கடி ஏமாறுகிறார்கள்.

கட்டுகளை டர்போ, மிட்ரேஞ்ச், ஸ்டாக்ஸ் எனப் பிரிப்பது வழக்கம். டர்போ முதல் சில முறைகளுக்குள் வெல்லப் பார்க்கும். மானாச் செலவே இல்லாமல் இறங்கும் ரோக்ராக்கைச் சைலஸ் ரென்னுடன் இணைக் கமாண்டராகச் சேர்த்த கட்டு இதற்கு உதாரணம். டிம்னா, க்ராம் இணையின் நான்கு நிறக் கட்டு மிட்ரேஞ்ச் வகை. அட்டை சேர்த்து, பிறரைத் தடுத்து, நேரம் பார்த்து வெல்லும். ஸ்டாக்ஸ் எல்லோரையும் முடக்கும். ஒரு முறைக்கு ஒரு மந்திரம் மட்டுமே என்னும் ரூல் ஆஃப் லா டர்போவின் கழுத்தை நெரிக்கும். ஆனால் கின்னன் என்ற கமாண்டரின் கட்டை அது அவ்வளவாகப் பாதிக்காது. கின்னனுடன் பேசால்ட் மோனோலித் என்ற கருவி இருந்தால், நான்கு மானா எடுத்து மூன்றைக் கொடுத்து அதைத் திரும்ப எழுப்பலாம்; இந்தச் சுழற்சிக்கு முடிவே இல்லை, மந்திரம் ஏவவும் தேவையில்லை. அதை நிறுத்த நல் ராட் போன்ற கருவித்தடை வேண்டும்.

இந்தப் பொருத்தங்களைத் தனித்தனியாக எடைபோட முடியாது. டர்போ ஒன்றே இருக்கும் மேசையில் மூவரும் தடுப்பை அதற்கென்றே வைத்திருப்பார்கள். இரண்டு இருந்தால் ஒன்று தப்பிவிடும். ஸ்டாக்ஸின் பலவீனமும் இங்கேதான்: மூவரையும் கட்டிப்போடும் கை, தானும் வெல்வதற்கு வழி வைத்திருக்க வேண்டும்.

இருக்கை வரிசையும் பலன் தரும். நால்வருக்கும் சமவாய்ப்பு என்றால் 25 சதவீதம். முதலில் ஆடுபவர் அதைவிடக் கூடுதலாகவே வெல்கிறார். இன்னொரு சிக்கல் சமன். ஒருவரைத் தடுத்தால் அடுத்தவர் வெல்வார் என்ற நிலையில், தடுப்பு மந்திரம் வைத்திருப்பவர் அரசனை நியமிப்பவராகிவிடுகிறார். போட்டிகளில் இத்தகைய நிலை வந்ததும் நால்வரும் பேரம் பேசிப் புள்ளியைப் பகிர்ந்துகொள்வது உண்டு. ஆட்டத்தின் அழகுக்கு இது கேடு என்ற புகாரில் நியாயம் இருக்கிறது.

தடைப்பட்டியல் நெடுங்காலம் சாதாரண ஆட்டக்காரர்களை மனத்தில் வைத்தே வகுக்கப்பட்டது. 2020 ஏப்ரலில் ஃப்ளாஷ் அட்டை தடைசெய்யப்பட்டது விதிவிலக்கு. புரோட்டியன் ஹல்க்குடன் சேர்ந்து இரண்டே மானாவில் வெற்றி தந்ததால் போட்டிக் களத்துக்காகவே அது விலக்கப்பட்டது. 2024 செப்டம்பரில் டாக்சைட் எக்ஸ்டார்ஷனிஸ்ட், மானா கிரிப்ட், ஜுவல்ட் லோட்டஸ் உள்ளிட்ட நான்கு அட்டைகள் தடைக்குள்ளாயின. விரைவு மானா குறைந்ததில் டர்போவுக்கே அடி பலம். கடும் எதிர்ப்பும் மிரட்டல்களும் எழவே, தன்னார்வ விதிக்குழு சில நாட்களில் பொறுப்பை விசார்ட்ஸ் நிறுவனத்திடம் ஒப்படைத்தது. நிறுவனம் 2025இல் கட்டுகளை ஐந்து நிலைகளாகப் பிரித்தது. போட்டி கமாண்டர் அதில் ஐந்தாம் நிலை.